மார்லின் 336க்கு எந்தத் தோட்டா: பழைய 170 கிரெயினா, ரப்பர் மூக்கு 160ஆ?

30-30ங்கற ரைஃபிள் தோட்டா வந்தது 1895ல. இன்னைக்கும் அமெரிக்கால மான் சீசன் வந்தா கடைல முதல்ல காலியாகற தோட்டால இதுவும் ஒண்ணு. இந்தத் தோட்டா போடற லீவர் துப்பாக்கிங்க (கைப்பிடிக்குக் கீழ இருக்கற நெம்புகோலைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏத்தறது) மார்லின் 336, வின்செஸ்டர் 94, இந்த ரெண்டுல ஒண்ணு வச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், எது குறி தப்பாம போகும்? பழைய ஸ்டைல் 150, 170 கிரெயின் (குண்டோட எடையைச் சொல்ற சின்ன அளவு) சாஃப்ட் பாயின்ட், அதாவது நுனில ஈயம் வெளிய தெரியற குண்டு ஒரு பக்கம், ஹார்னடி கம்பெனியோட லெவரெவல்யூஷன் 160 கிரெயின் இன்னொரு பக்கம்.

ரெண்டையும் கைல எடுத்துப் பாத்தாலே வித்தியாசம் தெரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட் 170 எடுத்தா மூக்கு மழுங்கலா இருக்கும், மேல செம்பு உறை, நுனில ஈயம் எட்டிப் பாக்கும். லெவரெவல்யூஷன்ல கூரான மூக்கு, நுனில சிவப்பா ஒரு ரப்பர் முனை, நகத்தால அழுத்தினா லேசா அமுங்கும். அந்த ரப்பர் அழகுக்கு வச்சதில்ல. இந்தத் துப்பாக்கில தோட்டா எல்லாம் பேரலுக்குக் கீழ இருக்கற குழாய்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுத்திருக்கும், ஒவ்வொரு தோட்டாவோட மூக்கும் முன்னாடி இருக்கறதோட பிரைமர் (அடி விழுந்தா தோட்டாவை வெடிக்க வைக்கற பின்பக்கப் பொட்டு) மேல முட்டிக்கிட்டு நிக்கும், கெட்டியான கூர் மூக்கு போட்டா சுடும்போது வர்ற உதைல உள்ளயே வெடிக்க வாய்ப்பிருக்கு. அதனாலதான் இத்தனை வருஷமா மழுங்கல் மூக்கு. கூரான சாதாரணத் தோட்டாவை தயவுசெஞ்சு குழாய்ல போடாதீங்க, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. (சாவேஜ் 99, பிரவுனிங் பிஎல்ஆர் மாதிரி குழாய் இல்லாத லீவர் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்ல.)

சரி, கணக்குக்கு வருவோம். கம்பெனி கணக்குப்படி 170 கிரெயின் வினாடிக்கு 2200 அடில கிளம்புது, 160 ரப்பர் மூக்கு 2400ல. இதெல்லாம் 24 இஞ்ச் டெஸ்ட் பேரல்ல எடுத்தது, நம்ம 20 இஞ்ச் பேரல்ல கொஞ்சம் குறையும். 100 கெஜத்துல குறி வச்சு 200ல சுட்டா 170 இறங்கறது எட்டு, ஒம்பது இஞ்ச், ரப்பர் மூக்கு ஆறு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான் வித்தியாசம், விளம்பரத்தைப் பாத்தா ஏதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி தோணும். நிஜமான லாபம் பலத்துலதான், அதாவது குண்டு போய் மோதற சக்தில. 170 கிரெயின் 100 கெஜத்துல வச்சிருக்கற பலம் சுமார் 1350 அடி-பவுண்ட், ரப்பர் மூக்கு கிட்டத்தட்ட அதே பலத்தை 200 கெஜத்துல வச்சிருக்கு. அந்த தூரத்துல மான் வேகமா விழணும்னா இது பெரிய விஷயம்.

ஆனா பென்சில்வேனியா, மிச்சிகன் மாதிரி அடர்ந்த காட்டுல 200 கெஜம் எங்க கண்ணுக்குத் தெரியப்போவுது? அங்க பெரும்பாலும் நூறுக்குள்ளதான். திறந்த சைட்ல, அதாவது ஸ்கோப் இல்லாம துப்பாக்கி மேலயே இருக்கற குறிக்கருவில சுடறவங்களுக்கு பேரல் நுனில இருக்கற அந்தக் குறி மணியே நூறு கெஜத்துல மானோட உடம்புல நல்ல ஒரு பகுதியை மறைச்சிடும், அதுல அரை இஞ்ச் வித்தியாசத்துக்கு ஒரு பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கறது வேஸ்ட்டுன்னுதான் சொல்வேன். சுட்டு முடிஞ்ச காலி கேஸை (தோட்டாவோட உறை) மேல் பக்கம் தள்ளற பழைய வின்செஸ்டர் 94ல ஸ்கோப் மாட்டறதே பெரும்பாடு, அதுக்கு 170 போதும், தாராளமா போதும். பக்கவாட்டுல தள்ளற மார்லின்ல ஸ்கோப் சுலபமா உக்காரும், வயல் ஓரம், மின்கம்பிக்காக வெட்டின திறந்த வெளின்னு உக்காந்து சுடறவங்க ரப்பர் மூக்கையே எடுங்க. 150 கிரெயின் மழுங்கல் எனக்குப் பிடிக்கல, 2390ல வேகமா கிளம்பினாலும் காத்து அதை சீக்கிரமே பிடிச்சு இழுத்துடுது, 200 கெஜத்துல 170க்கு மேல பெருசா எதுவும் மிச்சமில்ல.

கலிபோர்னியால 2019 ஜூலைலேருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது, அங்க இருக்கறவங்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது, ஈயமில்லாத 140 கிரெயின் மோனோஃப்ளெக்ஸ் பக்கம் போங்க.

இன்னொண்ணு, ஒரே மாடல் துப்பாக்கி ரெண்டு இருந்தாலும் ரெண்டுக்கும் ஒரே தோட்டா பிடிக்கும்னு சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கி சுட்டே பாக்கணும். அப்படிப் பாக்கும்போது முன் கட்டையோட பின்பகுதியை, ரிசீவரை (லீவர் இயங்கற நடுப் பகுதி) ஒட்டின இடத்தை மணல் மூட்டை மேல வைங்க, பேரலோ குழாயோ எதுலயும் படக்கூடாது. மூணு குண்டு சுட்டா பேரல் ஆற விடுங்க, ஏன்னா குழாயும் பேரலும் பட்டையால பிணைஞ்சிருக்கு, சூடானா குண்டு விழற இடம் நகர ஆரம்பிக்கும், பாவம் பழி தோட்டா மேல விழும். காட்டுல நமக்குக் கிடைக்கறது ஆறின பேரல்ல முதல் குண்டுதான், அதனால தொடர்ந்து சுட்ட அஞ்சு குண்டு குரூப்பைவிட வேற வேற நாள்ல சுட்ட அந்த முதல் குண்டுகள் எவ்வளவு பக்கத்துல பக்கத்துல விழுதுன்னு ஒரே பேப்பர்ல குறிச்சு வைங்க. நூறு கெஜத்துல ரெண்டு இஞ்சுக்குள்ள விழுந்தா அந்தத் தோட்டாவையே, முடிஞ்சா பெட்டில ஒரே லாட் நம்பர் (ஒரே தடவைல தயாரிச்சதுன்னு காட்டற எண்) பாத்து, சீசனுக்குத் தேவையான அளவு வாங்கிடுங்க.