பத்து வெள்ளியும் சைக்கிளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்விதான்: "சார், கணக்குச் சொல்லிப் பேசணுமா, உருக்கமாப் பேசணுமா?" உரிமைத் தலைவர் என்றாலே உருக்கம்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியதில் "எனக்கு ஒரு கனவு உண்டு" மட்டும்தான் தெரியும்.

கனவு வருவது பேச்சின் பின்பாதியில். அதுவும் எழுதி வைத்த தாளில் இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன் "கனவைச் சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்த பிறகே வந்தது என்பார்கள். முன்பாதியில் அவர் பேசியது கடன் கணக்கு. நாட்டை நிறுவியவர்கள் எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு கடன்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பர்கள் அதை மாற்றப் போனால் கணக்கில் பணமில்லை என்று செக் திரும்பிவிட்டது. சம்பள நாளில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மேசை முன்னால் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இதற்குத் தலைகீழ். போராட இது நேரமில்லை என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளைக்கார மதகுருமாருக்குப் பதில் அது. படித்தவர்களிடம் பேசுகிறோம் என்று வாதங்களை அடுக்குகிறார்: பெரும்பான்மையினர் தங்களைக் கட்டுப்படுத்தாத ஒரு சட்டத்தைச் சிறுபான்மையினர் மேல் மட்டும் சுமத்தினால் அது அநியாயச் சட்டம். ஆனால் "பொறுங்கள்" என்ற சொல்லுக்கு வந்ததும் வாக்கியம் முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடுகிறது. நடுவில் அவருடைய ஆறு வயது மகள். டிவி விளம்பரத்தில் பார்த்த, கறுப்புப் பிள்ளைகளை உள்ளே விடாத பூங்காவுக்குத் தன்னை ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்கிறாள். கடிதத்தில் எனக்கு மறக்காத இடம் அதுதான்.

இன்னொரு கறுப்பர் தலைவரான மால்கம் எக்ஸைப் பிள்ளைகள் கோபக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தவறு. உன் மேசையில் உட்கார்ந்து நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நானும் விருந்தாளி ஆகிவிடுவேனா, என் தட்டில் ஒன்றும் இல்லையே என்று 1964-இல் அவர் கேட்டது சுத்தமான தர்க்கம்.

சரி, நம் பக்கம் வருவோம். 1941 கிள்ளான் ரப்பர்த் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஆர். எச். நாதனும் தோழர்களும் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பதும் இருந்தது. சம்பளம் கணக்கு, சைக்கிள் மானம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்தப் பட்டியலை நான் பிள்ளைகளுக்கு வாசித்தால் சம்பளத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். சைக்கிளில் நின்றுவிடுவார்கள்.

1960-இல் எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எடுத்தது வேறு வழி. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடலில் வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போகும் என்ற பயம் சனங்களிடம் ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. அதை இன்னும் கிளறி என்ன ஆகப்போகிறது? ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், சேர்த்து நாமே தோட்டம் வாங்குவோம் என்று கணக்கைக் கையில் கொடுத்தார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

என்னைக் கேட்டால், அவமானம் பழகிப்போன கூட்டத்திடம் சைக்கிளிலிருந்து தொடங்க வேண்டும். வலி ஏற்கெனவே தெரிந்த கூட்டத்துக்குப் பத்து வெள்ளிதான் வேண்டும். அங்கே போய் உருக்கமாகப் பேசுவது பேசுகிறவருக்கு மட்டுமே சுகம்.

இந்த ஆண்டு ஒரு மாணவி கிள்ளானை எடுத்திருக்கிறாள். எதை முதலில் வைப்பது என்று இரண்டு வாரமாக மாற்றி மாற்றி எழுதுகிறாள். நான் சைக்கிள் என்கிறேன். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய அவளுடைய பாட்டி சம்பளம் என்கிறார்.