இரண்டு கொழுக்கட்டைப் புல்லில் எதை விதைப்பது?

பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித்தோப்பில் பாதி மரங்கள் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்துவிட்டன. மறுபடி கன்று வைத்தது போக மிச்ச இடம் வெள்ளாடுகளுக்கு என்று ஆனது. மேய்ச்சலுக்காக அங்கே செங்க்ரஸ் சிலியாரிஸ், செங்க்ரஸ் செட்டிஜெரஸ் இரண்டையும் பக்கம் பக்கமாக விதைத்தேன். எங்கள் ஊரில் இரண்டுமே கொழுக்கட்டைப் புல்தான்.

கதிரை அடியில் பிடித்து உருவினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். சிலியாரிஸ் விதையைச் சுற்றி நீளமான மெல்லிய மயிர். உள்ளங்கையில் பஞ்சு போல ஒட்டும். செட்டிஜெரஸில் குட்டையான விறைத்த முட்கள் அடியில் ஒன்றுகூடி, சின்னக் கிண்ணம் மாதிரி விதையைப் பிடித்திருக்கும்.

வறட்சியை இரண்டும் தாங்கும். தண்ணீர் தேங்கினால் இரண்டுக்கும் ஆகாது. உயரமும் தழையும் சிலியாரிஸில்தான் அதிகம். அறுத்துப் போடுபவர் தயங்காமல் அதையே விதைக்கலாம்.

நான் செட்டிஜெரஸ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் விதைதான். மேய்ச்சல் நிலம் ஒருமுறை விதைத்தால் முடிகிற வேலை இல்லை. ஆடு மிதித்த இடம், மழையில் அரித்த இடம் என்று வருஷா வருஷம் சொட்டை விழும். அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிலியாரிஸ் விதை ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். ஈர மணலில் பிசைந்துதான் தூவினேன். அப்படியும் ஓரிடத்தில் குப்பையாக விழுந்தது, காற்று வீசினால் வேலி ஓரம் போய் ஒதுங்கியது. செட்டிஜெரஸ் விதையோ கேழ்வரகு தூவுவது போல விரலிடுக்கில் நழுவி விழும். கூடை நிறைய எடுத்துப் போய் ஒரு காலைப் பொழுதில் சொட்டைகளை எல்லாம் என் அம்மா ஒருவரே நிரப்பிவிட்டார். அப்புறம் லேசாக மண்ணைக் கீறிவிட்டால் போதும். ஆழத்தில் புதைந்தால் முளைக்காது.

இது செம்மண் மேட்டில் மூன்று மழைக்காலம் பார்த்ததை வைத்துச் சொல்வது. காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களிமண்ணுக்கு இதே பேச்சைப் பேச மாட்டேன்.

எதை எடுத்தாலும் உருவிய கையோடு தூவ வேண்டாம். புது விதை சில மாதம் உறங்கும். முதல் வருஷம் அது தெரியாமல் ஒரு மூட்டை விதையை வீணாக்கினேன். இந்தத் தை மாதம் உருவியது கோணியில் பரணில் இருக்கிறது, ஆடி மழைக்கு இறக்குவேன்.