சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா, பேனாவா: இன்சுலினை எதில் போடுவது?

டிஸ்சார்ஜ் அன்று சுகர் நோயாளிகளின் வீட்டார் என்னிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "சிஸ்டர், பாட்டில் வாங்கவா, பேனா வாங்கவா?" பாட்டில் என்றால் சிரிஞ்சில் இழுத்துப் போடுவது, பேனா என்றால் மருந்து உள்ளேயே இருக்கும் பேனா வடிவ ஊசிக் கருவி. பேனா வசதி, வலி குறைவு, காசு அதிகம் என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிடலாம். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவின் பையைத் திறந்து பார்த்த பிறகு அந்தப் பதிலை நிறுத்திவிட்டேன்.

அவருக்கு 68 வயது. காலையில் 20 யூனிட், ராத்திரி 12 யூனிட். இரண்டு மாதமாக ஒரு வேளைகூட விட்டதில்லை என்று மகன் சத்தியம் செய்கிறார், ஆனால் சுகர் 350-க்குக் கீழே இறங்கவே இல்லை. டோஸைக் கூட்டலாம் என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் போடுவதை எல்லாம் அப்படியே கொண்டுவாருங்கள் தம்பி என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறது, சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. மருந்துக் கடையில் கேட்டதும் கையில் கிடைத்த இன்சுலின் சிரிஞ்சை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், இவர்களும் வாங்கி வந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் விற்கும் இன்சுலின் பாட்டில்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதாவது 10 மில்லி பாட்டிலில் 400 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி. பேனாவுக்குள் போகும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட், சில வகை இன்சுலின் பாட்டிலிலேயே 100 என்று வருகிறது, அந்த 100 பாட்டிலுக்குத்தான் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. அது 40 பாட்டில் மருந்தானால் வெறும் 8 யூனிட். அந்த அம்மாவுக்கு இரண்டு மாதமாகப் போனது அவ்வளவுதான். நிலைமை தெரியாமல் டோஸைக் கூட்டி எழுதி, அதை வார்டில் நாங்கள் சரியான சிரிஞ்சில் போட்டிருந்தால் அன்று ராத்திரியே அவருக்கு லோ சுகர் ஆகியிருக்கும், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் பதறுகிறது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய்விடும்.

இந்த ஒரு விஷயத்தில் பேனா சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. மருந்தும் அளவுகோலும் ஒரே கருவிக்குள் இருப்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கும் பேச்சே இல்லை. எண்ணைத் திருப்பி வைத்து அழுத்தினால் போதும், பார்வை மங்கியவர்கள், கை நடுங்குபவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பெரிய ஆறுதல். குழந்தைகளுக்கு அரை யூனிட் வைக்கக்கூடிய பேனாக்கூட உண்டு. 4 மில்லிமீட்டர் ஊசி என்பதால் பெரும்பாலான பெரியவர்கள் தோலைக் கிள்ளிப் பிடிக்கவும் வேண்டாம், நேராகவே குத்தலாம்.

ஆனால் பேனாவில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பயம். சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் பார்த்துவிடலாம், மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் முன்னால் நிற்கிறது. பேனாவில் ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டைத் திருப்பி, ஊசி நுனியை மேலே பார்க்க வைத்து அழுத்தி, ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதைச் செய்யாவிட்டால் ஊசி அடைத்திருந்தாலும் தெரியவராது. குத்தி அழுத்தியதும் எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதே என்று வெளியே இழுத்துவிடுகிறார்கள். பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி நுனியிலிருந்து மருந்து தோலின் மேல் வழியும். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். அதை மாட்டியே வைத்திருந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் காற்று ஏறும், மருந்து கசியும். ஒரே ஊசியை வாரக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், காசை மிச்சம் பிடிக்கத்தான். அவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கும், திரும்பத் திரும்ப அதே இடத்தில் மழுங்கிய ஊசியால் குத்துவதால் வருவது. அந்தக் கட்டிக்குள் போட்டால் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் கலக்காது, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடச் சொல்கிறேன்.

கலங்கலான வகை இன்சுலின் பாட்டில், பேனா இரண்டிலும் தொல்லைதான். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், முழுக்கப் பால் போல் ஆன பிறகுதான் போட வேண்டும், குலுக்கவே கூடாது. பாட்டிலைப் பொறுமையாக உருட்டுபவர்கள்கூடப் பேனாவை எடுத்ததும் நேராகக் குத்திவிடுகிறார்கள்.

சரி, வார்டுக்கு வருவோம், அங்கே என் கணக்கு தலைகீழாகிறது.

முப்பது கட்டில் உள்ள வார்டில், எல்லோருக்கும் பொதுவான ஸ்டாக்கிலிருந்து போட வேண்டுமென்றால் நான் பாட்டிலைத்தான் எடுப்பேன். பேனா ஒருவருக்கு மட்டுமே உரியது, ஊசியை மாற்றினாலும் அதை இன்னொருவருக்குப் போடக் கூடாது, ஏனென்றால் குத்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் பின்வாங்கக்கூடும். இது படித்தவர்களே சறுக்கும் இடம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ராணுவ மருத்துவமனை ஒன்றில் ஊசியை மட்டும் மாற்றி ஒரே பேனாவைப் பலருக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது 2009-இல் தெரியவந்தது, 2,000-க்கும் மேற்பட்டவர்களை மஞ்சள் காமாலை வைரஸ், எச்ஐவி பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரே நோயாளிக்கு மட்டும் என்று பேனாவின் மேலேயே அச்சிட வேண்டும் என அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் உத்தரவு போட்டது. நோயாளி சொந்தப் பேனாவோடு வந்தால் பெயர் லேபிளைப் பேனாவின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டாதீர்கள். நைட் ட்யூட்டி அவசரத்தில் முதலில் மாறிப்போவது மூடிதான்.

பாட்டிலுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு முறையும் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, அது காய்ந்த பிறகு, புது சிரிஞ்சால்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய சிரிஞ்சு மறுபடியும் பாட்டிலுக்குள் போனால் பேனாவைப் பகிர்ந்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள், பெரும்பாலான இன்சுலின் பாட்டில்களுக்குத் திறந்ததிலிருந்து 28 நாள்தான் கணக்கு.

நர்ஸ்களான நம் கைக்கு எது பாதுகாப்பு என்று பார்த்தாலும் வார்டில் சிரிஞ்சுதான் மேல். குத்தி முடித்ததும் மூடி போடாமல் நேராக, ஊசியை வெட்டிவிடும் ஹப் கட்டருக்குப் போய்விடும். பேனா ஊசியைக் கழற்ற வெளி மூடியை மறுபடி மாட்ட வேண்டியிருக்கிறது, குத்துப்படுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான், அதோடு அந்த ஊசிக்கு இரண்டு பக்கமும் கூர்மை. தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசிகள் வந்துவிட்டன, ஆனால் எல்லா இடத்திலும் வாங்கித் தருவதில்லை, இதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு. குத்துப்பட்டால் பிதுக்காதீர்கள், சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பேனாவாலும் பாட்டிலாலும் தடுக்க முடியாத தப்பு கேஸ் ஷீட்டிலிருந்து வருகிறது. 4 என்று எழுதி ஒட்டினாற்போல் ஆங்கில யூ எழுத்தைப் போட்டால் அவசரத்தில் 40 என்று படிக்கும். யூனிட் என்று முழுசாக எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். மிக்ஸ்டார்ட் 30/70 என்ற கலவை இன்சுலினின் பெயரில் உள்ள 30 கலவையின் விகிதம், டோஸ் கிடையாது, புதிதாக வந்த தங்கைகளுக்கு இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். அப்புறம், மருந்தை இழுத்த பிறகு இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு ஆர்டர், மருந்தின் பெயர், 40-ஆ 100-ஆ, மூடியின் நிறம், ஏறிய அளவு இவ்வளவையும் அவர் கண்ணால் பார்க்க வையுங்கள். இருபது யூனிட் சரிதானே என்று நாமே பதிலையும் சேர்த்துக் கேட்டால் அவர் தலையாட்டிவிடுவார், எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டுக்கு என்றால் என் பதில் இப்படி. மாதா மாதம் கார்ட்ரிட்ஜும் புது ஊசிகளும் வாங்கக் கையில் காசு இருந்தால் பேனா. இல்லையென்றால் பாட்டிலும் சிவப்பு மூடியும், அதில் ஒரு குறைவும் இல்லை. ஒரு மாதம் பேனா, அடுத்த மாதம் பாட்டில் என்று மாறுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கார்ட்ரிட்ஜ் தீர்ந்த ராத்திரியில் பாட்டில் மருந்தை அதற்குள் ஏற்றுகிறார்கள், பேனா கெட்டுப்போனால் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுகிறார்கள், இரண்டும் கூடவே கூடாது. ஒரு மில்லிக்கு 300 யூனிட் உள்ள பேனாவும் இருக்கிறது, அதிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் மூன்று மடங்கு போய்விடும். பேனா இல்லாத அன்று அதே வகை இன்சுலின் பாட்டிலையும் அதன் எண்ணுக்குப் பொருந்தும் சிரிஞ்சையும் சேர்த்து வாங்குங்கள், யூனிட் எண்ணிக்கை மாறாது, 100 பேனாவில் 20 என்றால் இதிலும் 20-தான். 300 பேனாவுக்கு மட்டும் இது பொருந்தாது, டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அந்த அம்மாவுக்கு டோஸைக் கூட்டவில்லை. பழைய 20-ஐயும் 12-ஐயும் சிவப்பு மூடி சிரிஞ்சில் போட்டு, அடிக்கடி சுகர் பார்த்து, நாலு நாள் வார்டில் வைத்திருந்தோம். கிளம்பும் முன் மகனை என் எதிரிலேயே இரண்டு முறை மருந்தை இழுத்துக் காட்டச் சொன்னேன். காலி சிரிஞ்சு ஒன்றின் சிவப்பு மூடியைக் கழற்றிப் பாட்டில் அட்டைப்பெட்டியின் மேல் பிளாஸ்திரியால் ஒட்டிக் கொடுத்தேன், கடையில் அதைக் காட்டி வாங்கட்டும் என்று.