சாட்ஸ்வொர்த்தில் பத்தாம் கிரேடு இயற்பியல் டியூஷன்: எங்கள் அனுபவம்

டர்பனில் பிள்ளைக்கு இயற்பியல் டியூஷன் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு காரேஜில் சனிக்கிழமை காலையில் நடத்தும் வகுப்பு இது, பிள்ளைகள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்றாம் டெர்மில் கார் ஓடுகிற கணக்கெல்லாம் வந்ததும் மகளைச் சேர்த்தோம்.

முன்பு போன இடத்தில் ஃபார்முலாவை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இந்த நாட்டில் பள்ளிப் பரீட்சையிலேயே ஃபார்முலா தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் மனப்பாடம் எதற்கு? அவள் தடுமாறியது வேறு இடத்தில். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சீராக பிரேக் பிடித்து 4 நொடியில் நிற்கிறது, முடுக்கமும் இடப்பெயர்ச்சியும் என்ன என்று கேட்டால், 72-ஐ அப்படியே போட்டு மைனஸ் 18, 144 மீட்டர் என்று எழுதிவைத்திருந்தாள். அங்கிள் சிவப்புப் பேனாவையே எடுக்கவில்லை. "ஃபுட்பால் கிரவுண்டைவிட நீளமா வருதேம்மா, 4 செகண்டுல நிக்கிற கார் அவ்வளவு தூரமா போகும்?" என்று மட்டும் கேட்டார். அவளே யோசித்து, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற 3.6-ஆல் வகுத்தாள். நொடிக்கு 20 மீட்டர், முடுக்கம் மைனஸ் 5, சராசரி வேகம் 10, ஆக 40 மீட்டர். அன்று வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பலகை. வாசலில் நீளப் பலகையைச் சாய்த்து, பொம்மைக் காரை விட்டு, ஒவ்வொரு நொடிக்கும் சாக்பீஸால் கோடு போடுகிறார்கள். முதல் நொடியில் 20 சென்டிமீட்டர், இரண்டில் கிட்டத்தட்ட 80, மூன்றில் 180-க்குப் பக்கம். நேரம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு என்பதைத் தரையில் குந்தி உட்கார்ந்து அளந்து பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. மைனஸ் வந்தாலே வேகம் குறைகிறது என்று நினைத்திருந்ததையும் சரி செய்தார்: முன்பக்கத்தை பிளஸ் என்று வைத்தால், ரிவர்ஸில் வேகமெடுக்கும் காருக்கும் முடுக்கம் மைனஸ்தான்.

குறையும் உண்டு. பன்னிரண்டு பேருக்கு காரேஜ் போதவில்லை, பின்னால் உட்கார்ந்தால் போர்டு தெரியாது, ஹோம்வொர்க் திருத்தி வர இரண்டு வாரமாகிறது. ஒரு வகுப்புக்கு 120 ரேண்ட், அது நியாயம்தான். சேர்ப்பதானால் பத்து நிமிஷம் முன்னாலேயே கொண்டுபோய் விடுங்கள், நீள ஸ்கேலும் கால்குலேட்டரும் கொடுத்தனுப்புங்கள், அங்கே இரவல் கிடைக்காது.