பிசிஐடி: அம்மாவின் காதுக்குள் ஒரு குரல்

அடம் பிடித்துத் தரையில் புரள்வது, கடிப்பது, கையில் கிடைத்ததை விட்டெறிவது என்று கைமீறிப்போன 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் சிகிச்சைகளில் பிசிஐடி, அதாவது பேரன்ட்-சைல்ட் இன்டராக்‌ஷன் தெரபி, தனி ரகம். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கியது. அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு ஓர் அறையில் விளையாடுவார். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தெரபிஸ்ட் அந்தப் பெற்றோரின் இயர்போனில் பேசுவார். நாம் காசு கொடுப்பதே இந்தக் குரலுக்குத்தான்.

பிள்ளை கட்டை அடுக்குகிறான். "இது என்ன கலர்?" என்று வாய் தானாகக் கேட்கிறது. உடனே காதில், "கேள்வி வேண்டாம், அவன் செய்றதைச் சொல்லுங்க." "நீலக் கட்டையை மேல வைக்கிறே" என்று அம்மா மாற்றிக்கொள்கிறார். நம் வீடுகளில் பிள்ளையோடு பேசுவதென்றாலே கேள்விதான்: சாப்டியா, என்ன பண்றே, யாரு அடிச்சா. அந்தப் பழக்கத்தை, அது நடக்கும் நொடியிலேயே பிடித்துத் திருத்த வேறு வழி இல்லை.

முதல் கட்டத்தின் இலக்கு கறாரானது. 5 நிமிடத்தில் பிள்ளை செய்வதை 10 முறை வர்ணிக்க வேண்டும், அவன் சொன்னதை 10 முறை திருப்பிச் சொல்ல வேண்டும், எது நன்றாயிருந்தது என்று குறிப்பிட்டு 10 முறை பாராட்ட வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்த்தே 3க்குள் அடங்க வேண்டும். வெறும் "சூப்பர்" கணக்கில் சேராது. "காரை மெதுவா வச்சே, சூப்பர்" சேரும். வீட்டிலும் தினம் 5 நிமிடம். கட்டை, கிரேயான் சரி. பொம்மைத் துப்பாக்கி, பந்து, ஜெயித்துத் தோற்கும் ஆட்டங்கள் வேண்டாம். சிணுங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடங்கியதும் பாராட்ட வேண்டும். அடித்தால் அன்றைய விளையாட்டு அத்தோடு முடிந்தது.

இதைத் தாண்டாமல், கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழக்கும் இரண்டாம் கட்டத்துக்கு அவசரப்படுத்தும் பெற்றோர் உண்டு. விளையாட்டில் நெருக்கம் வராத பிள்ளையிடம் கட்டளை எடுபடாது.

"பொம்மையை எடுத்து வைக்கலாமா?" கட்டளை ஆகாது. "சிவப்புக் காரை இந்தப் பெட்டிக்குள்ள போடு" என்பதே கட்டளை. சொல்லிவிட்டு 5 நொடி வாயைத் திறக்கக் கூடாது. செய்யாவிட்டால் ஒரே ஓர் எச்சரிக்கை, மறுபடி 5 நொடி, பிறகு டைம்-அவுட் நாற்காலி, அதாவது பிள்ளையைச் சற்று நேரம் தனியே உட்கார வைக்கும் நாற்காலி. 3 நிமிடம் உட்கார வேண்டும், கடைசி 5 நொடி சத்தமே இருக்கக் கூடாது. இறங்கியதும் அதே காரை அதே பெட்டியில் போட வைக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்: கட்டளையைத் திரும்பச் சொல்லாவிட்டால், வேலையிலிருந்து தப்பிக்க நாற்காலியே நல்ல வழி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். போட்டதற்கு "சரி" மட்டும் போதும். அடுத்த சின்னக் கட்டளைக்கு உடனே கீழ்ப்படிந்தால்தான் பெரிய பாராட்டு. ஆரம்பத்தில் அலறல் கூடும். அப்போது பாட்டி வந்து தூக்கிக்கொண்டால், இன்னும் உரக்கக் கத்தினால் காரியம் நடக்கும் என்று பழகிவிடும்.

நாற்காலியை விட்டு ஓடும் பிள்ளைக்கு ஆபத்தான பொருள் எதுவும் இல்லாத தனி இடம் தேவைப்படும். சின்ன வீடுகளில் இது சங்கடம். தெரபிஸ்ட் வழிகாட்டாமல் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம்.

பிடித்த விஷயம், முன்னேற்றத்தை அளக்கும் நேர்மை. பிள்ளையின் அடாவடியைப் பற்றிப் பெற்றோர் நிரப்பும், 36 கேள்விகள் கொண்ட ஐபெர்க் படிவத்தில் மதிப்பெண் 114 அல்லது அதற்குக் கீழே வந்து, பெற்றோரின் திறனும் தேறினால்தான் சிகிச்சை முடியும். பெரும்பாலும் 12 முதல் 20 செஷன். வீடியோ வழியாகவும் தருகிறார்கள். சண்டை நடக்கும் அதே ஹாலில் பயிற்சி கிடைப்பது லாபமே. ஆனால் வீட்டில் தமிழ் பேசினால் தெரபிஸ்டுக்கும் தமிழ் புரிய வேண்டும், இல்லையேல் பாராட்டையும் கேள்வியையும் அவரால் எண்ண முடியாது.

ஆக்ரோஷம் திடீரென ஆரம்பித்ததா? காது வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள். பிறகு சிகிச்சை தரும் இடத்தை விசாரிக்கும்போது, "ஒவ்வொரு செஷனிலும் என் காதில் நேரடியாகப் பேசுவீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள் என்றால் அது பிசிஐடி கிடையாது, பணம் கட்டாதீர்கள்.