ஸ்கைடைவிங் பேக்கேஜ்: முன்பணம் கட்டி நான் ஏமாந்த கதை

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் தம்பி ஒருவர் போனை நீட்டினார். "அண்ணே, நீங்கதான் முன்னாடி பாராசூட்ல எல்லாம் குதிச்சிருக்கீங்களே, இது நல்ல ஆஃபரான்னு பாருங்க." மனைவியின் பிறந்த நாளுக்கு டேண்டம் ஜம்ப், அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரே பாராசூட்டில் குதிப்பது, பரிசாகக் கொடுக்கப் போகிறாராம். இன்றைக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்று போட்டு, மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரி ஒரு கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட்டுத்தான் நான் 1,190 டாலர் கட்டினேன். அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில். அமெரிக்காவில் வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாந்தவன் விவரம் தெரியாதவன் இல்லை. 2009இல் பயிற்சியில் சேர்ந்து, 25 ஜம்ப் முடித்து, தனியாகக் குதிப்பதற்கான முதல் படியான, அமெரிக்க பாராசூட் சங்கத்தின் ஏ லைசன்ஸ் வாங்கியவன். நிறுத்தும்போது மொத்தம் 63 ஜம்ப். எல்லாம் நமக்குத் தெரியும் என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது நான் குதித்தது ஒரு சின்ன கிளப்பில். செஸ்னா 182 விமானம் ஒன்றே ஒன்று. விமானியின் இருக்கையைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிப் போட்டிருப்பார்கள். தரையில் நான்கு பேர் காலை மடக்கி, ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து உட்கார வேண்டும். 10,000 அடி ஏறுவதற்குள் முழங்கால் மரத்துவிடும். ஒரு ஜம்ப்புக்கு 20 டாலர் சொச்சம். இறங்கியதும் பாராசூட்டைக் கார்ப்பெட்டில் விரித்து நாமே மடிக்க வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம் ஆகும், வேர்த்து வழியும், பையை மூடுவதற்குள் காற்று உள்ளே புகுந்து மறுபடி உப்பிக்கொள்ளும். எதையாவது முதல் முறையாகச் செய்தால் எல்லாருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும் என்பது இந்த உலகத்தின் எழுதாத சட்டம். குடிக்காத நான் வாங்கிக் கொடுத்த பீருக்குக் கணக்கே கிடையாது. காசு வாங்குகிறவரேதான் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுவார். மழை வந்து குதிக்க முடியாமல் போனால் டிக்கெட் நம் பையில் இருக்கும். அடுத்த வருடம் கொண்டு போனாலும் செல்லும்.

2011இல் மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். 2024இல் அவள் பழைய ஆல்பத்தைப் பார்த்து "அப்பா, இது நிஜமாவே நீங்களா?" என்று கேட்டாள். அந்தச் சந்தேகம் என்னைச் சுட்டுவிட்டது. பழைய கிளப் மூடிப் பல வருடம் ஆகிறது. ஒரு மணி நேர தூரத்தில் பெரிய மையம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம்.

அவர்கள் விளம்பரப்படுத்திய பேக்கேஜ் இது: இடைவெளி விட்டவர்களுக்கான மறுபயிற்சி, 20 ஜம்ப் டிக்கெட், அந்த 20 ஜம்ப்புக்கும் வாடகைக்கு ரிக், எல்லாம் சேர்த்து 1,190 டாலர். ரிக் என்றால் முதுகில் மாட்டும் பை, அதற்குள் மெயின் பாராசூட், அவசரத்துக்கு ரிசர்வ் பாராசூட், எல்லாம் சேர்ந்தது. இன்றைக்கு ஒரு ஜம்ப் டிக்கெட்டே 32 டாலர், ரிக் வாடகை 30. தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் பேக்கேஜ் லாபம்தான். கட்டிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை போனபோது கார் நிறுத்த இடமில்லை. உள்ளே காபிக் கடை, டி-ஷர்ட் கடை, பெரிய டிவியில் யாரோ வானத்தில் கத்திக்கொண்டிருக்கும் வீடியோ. பதினோரு பக்கப் படிவம் ஒன்று கொடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் கையெழுத்துச் சுருக்கம் போடச் சொன்னார்கள். கை கால் போனாலும் உயிர் போனாலும் வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது இந்த விளையாட்டில் வழக்கம்தான், பழைய கிளப்பிலும் கொடுத்திருக்கிறேன். அதனால் நானும் பழைய ஞாபகத்தில் மளமளவென்று போட்டுத் தள்ளினேன். இந்த முறை ஒன்பதாம் பக்கத்தில் உயிரைப் பற்றி இல்லை, பணத்தைப் பற்றி இருந்தது. பேக்கேஜின் ஆயுள் 90 நாள். அந்த 90 நாள் முதல் ஜம்ப்பிலிருந்து இல்லை, பணம் கட்டிய தேதியிலிருந்து. காற்று, மேகம், விமானப் பழுது எதனால் குதிக்க முடியாமல் போனாலும் அந்த நாளும் கணக்கில் சேரும். பணம் திரும்பக் கிடையாது.

ஏ லைசன்ஸ் வைத்திருப்பவர் 60 நாள் குதிக்காமல் இருந்தாலே, திரும்ப வரும்போது இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில் குதிக்க வேண்டும் என்கிறது சங்கத்தின் கையேடு. நான் விட்டது 13 வருடம். ஆக இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் என்னால் விமானத்தில் ஏற முடியாது. அது நியாயமானதுதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்த இன்ஸ்ட்ரக்டர்கள் எங்கே? எல்லாரும் டேண்டம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்கள்தான், இரண்டு தகுதியும் அவர்களிடம் இருக்கிறது. நம் பெயரைப் பதிந்து விமானத்தில் இடம் ஒதுக்கும் கவுன்டரை மேனிஃபெஸ்ட் என்பார்கள். அங்கே இருந்த பெண் ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு "அடுத்த லோடில் பார்க்கலாம்" என்றார். லோடு என்றால் விமானம் ஒரு முறை ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவது. காலை 8 மணிக்குப் போய் மாலை 5 மணிக்கு, குதிக்காமலேயே, 14 டாலர் பர்கர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

90 நாளில் ஒன்பது முறை போனேன். மூன்று முறை காற்று. ஒரு முறை மேகம். மேகத்துக்குள் குதிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். மற்ற நாட்களில் "அடுத்த லோடு". மொத்தம் கிடைத்தது நான்கு ஜம்ப். அதில் இரண்டுக்கு இன்ஸ்ட்ரக்டரின் விமான டிக்கெட்டையும் நான்தான் வாங்க வேண்டும் என்று 64 டாலர் வாங்கினார்கள். வாடகை ரிக்கை அவர்களுடைய ஆள்தான் மடிப்பாராம், தடவைக்கு 10 டாலர். மொத்தம் 1,294 டாலரை நான்கால் வகுத்துப் பாருங்கள். ஜம்ப்புக்கு 323 டாலர். எதுவும் தெரியாமல் வந்து இன்ஸ்ட்ரக்டர் நெஞ்சில் கட்டப்பட்டுக் குதிக்கும் டூரிஸ்ட் கொடுப்பது 260. லைசன்ஸ் வைத்திருக்கும் நான் அவரை விட அதிகம் கொடுத்திருக்கிறேன்.

91ஆம் நாள் காலையில் மின்னஞ்சல் வந்தது. மீதி 16 ஜம்ப் காலாவதி. 150 டாலர் கட்டினால் 30 நாள் நீட்டிப்பு.

ஏன் இப்படி என்று யோசித்தால் விடை எளிது. ட்வின் ஓட்டர் என்ற டர்பைன் விமானத்தில் சுமார் 22 பேர் ஏறலாம். ஒரு டேண்டம் ஜோடிக்கு இரண்டு இடம். டிக்கெட் 260, கையில் கட்டிய கேமராவில் எடுக்கும் வீடியோவுக்கு 130, ஆக இரண்டு இடத்துக்கு 390 டாலர். அதே இரண்டு இடத்தில் என்னைப் போல இருவர் ஏறினால் 64 டாலர். நானே முதலாளியாக இருந்தாலும் யாரை முதலில் ஏற்றுவேன் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் விலை, விமானப் பராமரிப்பு எல்லாம் ஏறியிருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. டூரிஸ்ட் பணம் இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் 13,500 அடிக்குத் தூக்கிப் போகும் விமானம் அங்கே நிற்கவே நிற்காது. என் கோபம் டேண்டம் மேல் இல்லை. இடம் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே 20 இடத்துக்கு என்னிடம் முன்பணம் வாங்கினார்களே, அதன் மேல்தான்.

வேடிக்கை என்னவென்றால், 1980களில் டேண்டம் வந்ததே கற்றுக்கொடுப்பதற்காக. அமெரிக்க விமானத் துறை 2001 வரை அதைச் சிறப்பு விலக்கின் கீழ்தான் அனுமதித்தது. அப்போதெல்லாம் டேண்டமில் வருபவர் பயணி இல்லை, மாணவர். இன்றைக்கு அந்த மாணவரிடம் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைக்கூடக் காட்டுவதில்லை. கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கு, அவ்வளவுதான் பாடம்.

இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாடகையும் காத்திருப்பும்தானே பிரச்சினை, சொந்த ரிக் வாங்கிவிட்டால் என்ன என்று எனக்கே தோன்றியது, அல்லது தோன்ற வைத்தார்கள். அங்கே கடையில் இருந்தவர் பழைய ரிக் ஒன்றை 3,200 டாலருக்குக் காட்டினார். புதிது வாங்கினால் 7,000க்கு மேல் போகும். "இன்னொருவரும் கேட்டிருக்கிறார்" என்றார். 500 டாலர் அட்வான்ஸ் கொடுத்தேன். ஆமாம், மறுபடியும்.

நல்ல வேளை, வேறு ஊரில் இருக்கும் பழைய கிளப் ரிகர் ஒருவரிடம் கொண்டு போனேன். ரிகர் என்றால் ரிசர்வைப் பிரித்துச் சோதித்து மடிக்க அரசு உரிமம் பெற்றவர். 180 நாளுக்கு ஒரு முறை இப்படி மடித்து, தேதி எழுதிய அட்டையை ரிக்கிலேயே வைக்க வேண்டும். அந்த அட்டையில் கடைசித் தேதி ஒரு வருடத்துக்கு முந்தையது. அடுத்து, சைப்ரஸ் போன்ற ஒரு சின்ன கருவி ரிக்கில் இருக்கும். குதித்தவர் மயங்கிவிட்டாலோ உயரத்தை மறந்துவிட்டாலோ, தரைக்குச் சில நூறு அடி மேலே அதுவே ரிசர்வைத் திறந்துவிடும். ஆயிரம் டாலருக்கு மேல் விலை, தயாரித்த தேதியிலிருந்து இத்தனை வருடம்தான் என்று ஆயுள் உண்டு. எனக்குக் கொடுத்ததில் எட்டு மாதம் மீதி இருந்தது.

அதையெல்லாம் விடுங்கள். மெயின் பாராசூட் 150 சதுர அடி. என் எடையும் ரிக்கும் சேர்ந்தால் 205 பவுண்ட். எடையைப் பரப்பால் வகுத்தால் 1.37 வருகிறது. ஏ லைசன்ஸ் ஆட்களுக்கு 1.0 தாண்ட வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. சின்ன பாராசூட் வேகமாகப் பறக்கும், தரைக்குப் பக்கத்தில் தப்பாக ஒரு திருப்பு திருப்பினால் இடுப்பு எலும்பு மிஞ்சாது. ரிகர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. 13 வருடம் கழித்து வந்தவன் என்று கடைக்காரருக்குத் தெரியும். என் எடையும் தெரியும், அதைப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியாது.

ரிக்கைத் திருப்பிக் கொடுத்தேன். 500 டாலரைப் பணமாகத் தர மாட்டோம், கடையிலேயே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு டி-ஷர்ட், ஒரு தொப்பி, ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி கையுறை. மகள் அதில் ஒரு டி-ஷர்ட்டைத்தான் இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

பேக்கேஜ் பணத்துக்காகக் கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். மையம் நான் கையெழுத்துப் போட்ட ஒன்பதாம் பக்கத்தை அனுப்பியது. மூன்று வாரத்தில் கோப்பை மூடிவிட்டார்கள்.

சரி, தம்பி காட்டிய ஆஃபருக்கு வருகிறேன். அது வேறு வகை, இன்னும் மோசம். அந்தத் தளத்தில் விமானத் தளத்தின் பெயரே இல்லை. நம் ஊர்ப் பெயர், இலவச எண், பரிசுச் சீட்டு, அவ்வளவுதான். இவர்களிடம் விமானமும் இல்லை, பாராசூட்டும் இல்லை. சீட்டை விற்றுவிட்டு, அது செல்லும் இடம் இரண்டு மணி நேரம் தள்ளி என்று பிறகு சொல்வார்கள். இது பழைய தொழில். அரிசோனாவில் ஈலாய் என்ற ஊரில் இருக்கும் ஸ்கைடைவ் அரிசோனா மையம், தன் பெயரை வைத்து இப்படிச் சீட்டு விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. 2009இல் ஜூரி 60 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, 2012இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தொகை நின்றது. சீட்டோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய கெட்ட பெயர் எதுவும் செய்யாத அந்த மையத்துக்கு வந்தது என்பதும் வழக்கில் பேசப்பட்டது.

தம்பியை அங்கேயே அந்த எண்ணுக்குப் போன் போடச் சொன்னேன். "எந்த விமானத் தளத்தில் குதிப்போம்?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். "உங்களுக்குப் பக்கத்தில்" என்றது அந்தப் பக்கம். பெயர் என்ன என்று மறுபடி கேட்டதும், பணம் கட்டியபின் மின்னஞ்சலில் வரும் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

போக வேண்டும் என்றால் மையத்துக்கே நேரில் போங்கள், அந்த நாளுக்கு மட்டும் கவுன்டரில் கட்டுங்கள். காற்றடித்தால் பணம் திரும்ப வருமா, வேறு நாள்தான் கிடைக்குமா என்று கட்டும் முன்பே கேளுங்கள். 200 பவுண்டுக்கு மேல் எடை இருந்தால் பல இடங்களில் கூடுதல் கட்டணம் உண்டு, அது விளம்பரத்தில் இருக்காது. லைசன்ஸ் எடுக்கும் ஆசை இருந்தால் ஒரு சனிக்கிழமை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். விமானத்தில் ஏறுபவர்களில் எத்தனை பேர் தனியாகக் குதிப்பவர்கள் என்று எண்ணுங்கள். மூன்று லோடு பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் இப்போது இரண்டரை மணி நேரம் ஓட்டி ஒரு செஸ்னா கிளப்புக்குப் போகிறேன். 10,000 அடிதான், முழங்கால் மறுபடி மரத்துப்போகிறது. ஏறும் முன் 28 டாலர், கையில் ரொக்கம்.

தம்பி சீட்டு வாங்கவில்லை. ஆனால் வானத்தில் ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது என்று மனைவியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். அதற்கு என்ன செய்வது என்று நேற்று என்னிடம் வந்து கேட்கிறார்.