ஏவ்காஸா, பெட்ரோலா, ஈ10-ஆ? சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்துக்கு எது சரி

எஞ்சினின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது) என்ன, டாங்க் எதனால் ஆனது என்று கேட்காமல் ஒருவர் எரிபொருளைப் பரிந்துரைத்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். சொந்தமாகக் கட்டுபவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன: ஈயம் கலந்த நீல நிற 100எல்எல் ஏவ்காஸ் (விமானப் பெட்ரோல்), எத்தனால் கலக்காத கார் பெட்ரோல், 10 சதவீதம் எத்தனால் கலந்த ஈ10.

முதலில் ஆக்டேன், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதன் எண். பெட்ரோல் பம்ப்பில் 95 என்று போட்டிருந்தால் அது வழக்கமாக ரிசர்ச் ஆக்டேன். அதே பெட்ரோலை இன்னும் கடுமையான மோட்டார் முறையில் அளந்தால் 85 அளவில்தான் நிற்கும். 100எல்எல்-இல் உள்ள 100 மோட்டார் ஆக்டேனை ஒட்டிய எண். ஆகவே இரண்டுக்கும் வித்தியாசம் 5 அல்ல, கிட்டத்தட்ட 15.

சிறு விமான எஞ்சினான ரோட்டாக்ஸ் 912 யூஎல் (80 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 9:1) ரிசர்ச் 90-இல் ஓடும். 912 யூஎல்எஸ் (100 குதிரைத்திறன், 10.5:1-ஐ ஒட்டியது) 95 கேட்கும். அமுக்கம் இவ்வளவு உயர்ந்தும் சாதாரண பெட்ரோல் போதுமாக இருப்பதற்குக் காரணம், சிலிண்டர் சிறியது, ஹெட் நீரால் குளிர்கிறது. முழுக்கக் காற்றால் குளிரும் பெரிய சிலிண்டர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. லைக்கமிங் ஓ-320-இன் 7:1 வகை பழைய 80 ஆக்டேனுக்காகவே வந்தது. அதற்குப் பெட்ரோல் ஒத்துப்போகும். 200 குதிரைத்திறன் தரும் 8.7:1 ஐஓ-360-க்கு 100 தேவை. அதில் பெட்ரோலை ஊற்றுவது பிஸ்டனைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

100எல்எல்-இன் பலம் அதன் நிலைத்தன்மை. ஆவியழுத்தம் (எரிபொருள் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதன் அளவு) 38 முதல் 49 கிலோபாஸ்கல் வரைதான் இருக்கும், எத்தனால் இல்லை, நன்றாக மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பலவீனம், லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கக்கூடிய ஈயம். ஈயத்தை ஆவியாக்கி வெளியேற்ற அதில் எத்திலீன் டைபுரோமைடு சேர்க்கப்படுகிறது. பிளக் போதிய சூட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். தரையில் நீண்ட நேரம் ஐட்லிங்கில் விட்டால் பிளக்கின் அடியில் சாம்பல் நிற உருண்டைகள் சேரும். ரோட்டாக்ஸில் கியர்பாக்ஸும் எஞ்சின் ஆயிலிலேயே ஓடுவதால் ஈயச் சேறு அங்கேயும் போய்ச் சேரும். ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏவ்காஸ் என்றால் ஆயில் மாற்றும் இடைவெளியை 100 மணியிலிருந்து 50-க்குக் குறைக்க வேண்டும். முழு சிந்தெட்டிக் ஆயில் ஈயத்தைச் சரியாக மிதக்கவிடாது. செமி சிந்தெட்டிக் போடுங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் ரோட்டாக்ஸுக்கு மிகப் பொருத்தமானது. பிளக் சுத்தமாக இருக்கும், ஆயில் நீண்ட நாள் உழைக்கும். சிக்கல் ஆவியழுத்தத்தில் இருக்கிறது. குளிர்கால பெட்ரோலில் அது 100 கிலோபாஸ்கலை எட்டலாம். அந்தப் பெட்ரோல் டாங்கில் கிடந்து, வெயில் காலத்தின் முதல் சூடான நாளில் பறந்தால் வேப்பர் லாக்குக்கு (குழாயில் எரிபொருள் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பதற்கு) அதைவிட வசதியான நிலைமை வேறில்லை. வாங்கிய பெட்ரோலை ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஈ10-ஐ ரோட்டாக்ஸ் அனுமதிக்கிறது. ஆனால் எஞ்சின் தயாரிப்பாளரின் அனுமதி உங்கள் டாங்குக்குப் பொருந்தாது. எபாக்ஸி ஃபைபர்கிளாஸ் டாங்க், பழைய ரப்பர் ஹோஸ், அலுமினிய டாங்கின் உள்ளே பூசிய சீலர் எல்லாம் எத்தனாலுக்கு இளகலாம். உரிந்த சீலர் நேராக டாங்க் வாயிலின் வலைச் சல்லடையை அடைக்கும். இன்னொரு ஆபத்து தண்ணீர். ஈ10 சுமார் அரை சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உயரத்தில் குளிர்ந்ததும் அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனியாக அடியில் பிரியும்; மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். ஈ20 ரோட்டாக்ஸின் வரம்புக்கு வெளியே இருக்கிறது, அதைப் பேச வேண்டியதே இல்லை.

எத்தனால் இருக்கிறதா என்று பார்க்கக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் போதும். 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல். குலுக்கிச் சில நிமிடம் நிறுத்துங்கள். அடியில் உள்ள தண்ணீரின் மட்டம் 10-ஐத் தாண்டினால் எத்தனால் உண்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள்.

எங்கள் தேர்வு: ரோட்டாக்ஸுக்கு எத்தனால் இல்லாத பெட்ரோல், வழியில் கிடைக்காதபோது மட்டும் 100எல்எல். உயர் அமுக்கக் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு 100எல்எல். ஈயமில்லா ஏவ்காஸ் வகைகளில் யூஎல்91, யூஎல்94 ஆகியவை குறைந்த அமுக்க எஞ்சின்களுக்கு நல்லவை. ஜி100யூஎல்-க்கு அமெரிக்க விமானத் துறை 2022-இல் ஒப்புதல் தந்தது என்றாலும், உங்கள் டாங்க் சீலரும் பெயிண்டும் அதைத் தாங்குமா என்று ஒரு துண்டை ஊறவைத்துப் பாருங்கள்.

கோளாறு வந்தால்

ஒரே அறிகுறிக்கு எரிபொருளைப் பொறுத்து வேறு வேறு காரணம் இருக்கும். சூடான எஞ்சினை மறுபடி கிளப்பி ஏறும்போது எஞ்சின் தடுமாறி, எரிபொருள் அழுத்த முள் ஆடினால், அது பெட்ரோல் என்றால் முதல் சந்தேகம் வேப்பர் லாக். 912-இல் அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே போகக்கூடாது. துணைப் பம்பைப் போடுங்கள். தடுமாற்றம் நின்றால் ஆவி அல்லது சோர்ந்த மெக்கானிக்கல் பம்ப். மோசமானால் கார்புரேட்டர் வழிகிறது. நீடில் வால்வையும் மிதவையையும் பாருங்கள். பிங் கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டினால் அவை எரிபொருளை உறிஞ்சிவிட்டன, மாற்ற வேண்டியதுதான்.

ஆவிக்கு மருந்து குழாய் அமைப்பில்தான் இருக்கிறது. துணைப் பம்பு டாங்குக்கு அருகே, தாழ்வாக இருக்கட்டும். எக்ஸாஸ்ட் பக்கம் போகும் ஹோஸுக்குத் தீ தாங்கும் உறை போடுங்கள். 90 டிகிரி வளைவுகளைக் குறையுங்கள். ஆவியை டாங்குக்குத் திருப்பும் லைனில் உள்ள 0.35 மி.மீ. துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓட்டத்தை அளங்கள்: மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, டாங்கில் கொஞ்சம் மட்டும் விட்டு, கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி ஒரு நிமிடம் பிடியுங்கள். பம்பு வழி என்றால் டேக்-ஆஃப் தேவையில் 125 சதவீதம், ஈர்ப்பு வழி என்றால் 150 சதவீதம் வர வேண்டும். யூஎல்எஸ் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். அதற்கு நிமிடத்துக்கு 0.56, 0.68 லிட்டர் என்று கணக்கு.

ரன்-அப்பில் (பறக்குமுன் தரையில் செய்யும் எஞ்சின் சோதனையில்) 912-ஐ 4000 சுற்றில் வைத்து, இரண்டு இக்னிஷன்களில் ஒன்றை அணைத்தால் 300 சுற்றுக்கு மேல் விழக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 115-க்குள். கரடுமுரடாக விழுந்தால் பிளக், சீராக ஆனால் அதிகமாக விழுந்தால் டைமிங்கைச் சந்தேகியுங்கள். எந்தச் சிலிண்டர் என்பதை எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும்: ஒற்றை இக்னிஷனில் நல்ல சிலிண்டரின் சூடு ஏறும், பிளக் செத்ததன் சூடு இறங்கும். லைக்கமிங்கில் ஈயம் படிந்திருந்தால் கலவையை மெலிதாக்கி, சற்று உயர்ந்த சுற்றில் ஒரு நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்துவிடும். 912-இல் கலவைக் கைப்பிடி இல்லை, பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் வேகமாக ஆவியாவதால் கார்புரேட்டரில் பனியும் சீக்கிரம் பிடிக்கும். 20 டிகிரி வெயிலிலும், காற்றில் ஈரம் இருந்தால் வரும். கார்புரேட்டர் ஹீட்டை (சூடான காற்றை உள்ளே விடும் கைப்பிடியை) முழுதாக இழுங்கள். சுற்று இறங்கி, உருகிய நீர் உள்ளே போய்ச் சற்று இருமி, பிறகு ஏறும். இருமலுக்குப் பயந்து ஹீட்டை மூடாதீர்கள்.

சிலிண்டர் ஹெட் சூடு விறுவிறுவென ஏற, எக்ஸாஸ்ட் சூடு இறங்கினால் அது டெட்டனேஷன், அதாவது கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது. உடனே த்ராட்டிலைக் குறைத்து, கலவையைச் செறிவாக்கி, மூக்கைத் தாழ்த்துங்கள். இறங்கியபின் டாங்கில் என்ன இருக்கிறது, இக்னிஷன் டைமிங் முன்னே போயிருக்கிறதா, இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு உண்டா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

எரிபொருளை மாற்றும் முதல் நாளில் ஒரு இறக்கை டாங்கில் மட்டும் புதியதை நிரப்புங்கள். பழகிய எரிபொருளில் ஏறி, ஓடுதளத்துக்கு மேலே போதிய உயரத்தில் டாங்கை மாற்றுங்கள். இறங்க வரும்போது பழைய டாங்குக்கே திரும்பிவிடுங்கள்.